கலப்பது ஒரு கை. பிரிப்பது வேறொரு கை

பேரூராட்சியின் பேட்டரி வண்டி தெருவுக்குள் நுழையும்போதே பாட்டுக் கேட்கும். மக்கும் குப்பையைத் தனியாகவும் மக்காத குப்பையைத் தனியாகவும் தரச் சொல்லும் பாட்டு. பாட்டு முடிவதற்குள் ஏதோ ஒரு வாசலில் இருந்து முடிச்சுப் போட்ட பாலித்தீன் பை வண்டிக்குள் வந்து விழும். உள்ளே நேற்றைய குழம்புச் சோறு, முட்டை ஓடு, ஷாம்பு பாக்கெட், துருப்பிடித்த பிளேடு, குழந்தையின் டயாப்பர், உடைந்த கண்ணாடி டம்ளர். எல்லாம் ஒரே பையில். கொடுத்தவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை குப்பை ஒழிந்தது.

அந்த முடிச்சை யாராவது அவிழ்த்தே ஆக வேண்டும். சோறு வேறு, பிளேடு வேறு, பாட்டில் வேறு என்று யாராவது பிரித்தே ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈரோடு மாவட்டத்தின் எந்தப் பேரூராட்சிக்குப் போனாலும் விடை ஒன்றுதான். பெரும்பாலும் அருந்ததியர் காலனி. பெரும்பாலும் பெண்கள்.

மறுசுழற்சி பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். ஓவியப் போட்டி வைக்கிறார்கள். அந்தப் பேச்சில் பூமி வருகிறது, கடல் வருகிறது, பாலித்தீன் தின்று செத்த மாடு வருகிறது. முடிச்சை அவிழ்க்கும் அக்கா மட்டும் வருவதே இல்லை.

முடிச்சை அவிழ்த்தால்

பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் கேட்டேன். பெயர் போட வேண்டாம் என்றார். ஒப்பந்தக்காரர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்ற பயம். அவர் சொன்னது இது: "பையத் தூக்கறப்பவே தெரிஞ்சுருமுங்ண்ணா, உள்ள என்ன இருக்குதுன்னு. கையுறை குடுக்கறாங்க, இல்லீன்னு சொல்லுல. ஒரு வாரத்துல கிழிஞ்சு போயிருது. அத மாட்டிக்கிட்டு பாலித்தீன் முடிச்ச அவுக்கவும் முடியறதில்லீங்க. வெறுங்கையிலதான் பண்றோம். பிளேடு கிழிச்சா மஞ்சத்தூள வெச்சுக் கட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருவோம். நின்னா மேஸ்திரி சத்தம் போடுவாரு."

டயாப்பரைப் பற்றியும் மாதவிடாய் நாப்கினைப் பற்றியும் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதையும் கையிலதான்" என்றார்.

கையால் மலம் அள்ளுவதை 1993 சட்டம் தடை செய்தது. 2013 சட்டம் இன்னும் கடுமையாகத் தடை செய்தது. உலர் கழிப்பிடமும் மலத்தொட்டியும் அந்தச் சட்டங்களின் கண்ணுக்குப் பட்டன. மலம் நிறைந்த டயாப்பர் காய்கறித் தோலோடு கலந்து வரும்போது அதைப் பிரித்தெடுக்கும் கை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. இது மலம் அள்ளுவது இல்லையென்றால் வேறென்ன?

தெருவில் பிரிக்க நேரம் போதாது. மிச்சம் வளம் மீட்புப் பூங்காவுக்குப் போகிறது. பெயரில் பூங்கா இருக்கிறது. இடம் பெரும்பாலும் சுடுகாட்டை ஒட்டியோ காலனியை ஒட்டியோ இருக்கும். அங்கே தரையில் கொட்டிப் பரப்பி, குனிந்து நின்று மறுபடியும் பிரிக்கிறார்கள். ஈரக் குப்பை தொட்டிக்குப் போகும். சாணக் கரைசல் தெளித்து, அவ்வப்போது புரட்டிவிட்டு, ஒன்று ஒன்றரை மாதம் விட்டுச் சலித்தால் உரம். வீட்டிலேயே பிரித்து வந்த குப்பை என்றால் உரம் பொன்போல வரும். கலந்து வந்தது என்றால் உரத்தில் கண்ணாடித் துண்டும் பாலித்தீன் நூலும் கிடக்கும். எந்த விவசாயி அதைத் தன் காட்டில் போடுவார்?

கொங்கு வட்டாரத்தில் 'காட்டுக்குக் குப்பை அடிப்பது' என்றால் உரம் போடுவது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் குப்பை என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் இருந்தது. சாணம், சாம்பல், இலைதழை எல்லாம் குழிக்குள் போய்க் காட்டுக்குத் திரும்பும். அந்தக் குப்பையில் பிளேடும் பாலித்தீனும் கிடையாது. மக்காத பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்த நாம், அதைக் கையாளும் பழக்கத்தைக் கொண்டுவரவில்லை. அந்தச் சுமையை இன்னொரு சாதியின் கைக்கு அனுப்பிவிட்டோம்.

விதி எழுதப்பட்டிருக்கிறது

இதெல்லாம் தெரியாமல் நடப்பதில்லை. 2016 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்லின: குப்பையை உண்டாக்குபவரே அதைப் பிரிக்க வேண்டும். மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்று வகை. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி, பேட்டரி, காலாவதியான மருந்து எல்லாம் மூன்றாவது வகையில் வரும். நாப்கினையும் டயாப்பரையும் தனியாகச் சுற்றித்தான் தர வேண்டும். தெருவில் எறிவதும் எரிப்பதும் சாக்கடையில் போடுவதும் கூடாது. நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் வைத்தால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, அந்த இடத்திலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும்.

உள்ளாட்சிக்கும் அதே விதிகள் கடமை விதித்தன. குப்பையைக் கையாளும் தொழிலாளர்களுக்குச் சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களை அடையாளம் கண்டு, அவர்களின் அமைப்புகளை அங்கீகரித்து, சேகரிப்பு வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதிகள் வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பிரிக்காமல் குப்பை கொடுத்த ஒரு வீட்டுக்கு அபராதம் போட்டதாக உங்கள் ஊரில் கேள்விப்பட்டதுண்டா? பிரிக்காத குப்பையை வாங்க மறுத்த பணியாளரைத்தான் கவுன்சிலரிடம் புகார் செய்கிறார்கள். "குப்பைக்காரிக்கு இவ்வளவு திமிரா" என்ற பேச்சு வாசலிலேயே வருகிறது. தமிழில் காரர், காரி என்ற ஈறுகள் உடையவரைக் குறிக்கும். வீட்டுக்காரர் வீட்டை உடையவர். கடைக்காரர் கடையை உடையவர். அந்தக் கணக்குப்படி குப்பையை உண்டாக்கியவர்தானே குப்பைக்காரர்? அள்ளிச் செல்பவருக்கு அந்தப் பெயர் எப்படிப் போனது?

அரசாணையில் பெயர் மாறியது. 2020-இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. நல்லதுதான். வாசலில் கூப்பிடும் பெயர் மாறவில்லை. தண்ணீர் கேட்டால் செம்பில் கொடுக்காமல் பழைய பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் வழக்கமும் மாறவில்லை.

அட்டையும் பாட்டிலும் போகும் வழி

மக்காத குப்பை எல்லாம் ஒன்றல்ல. அதில் காசு இருப்பதும் உண்டு, காசே இல்லாததும் உண்டு. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் நல்ல விலை. இரும்பு அதற்குக் கீழே. அட்டை, செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், பால் கவர் எல்லாம் காயலான் கடைக்குப் போகும். அங்கே தரம் பிரித்து, கட்டுக் கட்டி, பெரிய வியாபாரிக்கு ஏற்றிவிடுவார்கள். அட்டை காகித ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடி அட்டையாகிறது. தண்ணீர் பாட்டில் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, கழுவி, உருக்கி, நூலிழையாகிறது. நாம் உடுத்தும் சில துணிகளில் அந்த இழை இருக்கிறது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறத்தாழ 25 கிராம் எடை. நாற்பது பாட்டில் பொறுக்கினால்தான் ஒரு கிலோ. அரை லிட்டர் பால் கவர் மூன்று கிராம் அளவில் இருக்கும். ஒரு கிலோ சேர 300 கவருக்கு மேல் வேண்டும். அதையும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால்தான் விலை. அட்டை நனைந்திருந்தால் எடையில் கழிப்பார்கள். குழம்பு பட்ட காகிதத்தைக் கடைக்காரர் தொடவே மாட்டார். வீட்டில் நாம் ஒரு நொடியில் செய்யும் கலப்பு, அந்த அக்காவின் வருமானத்தை அப்படியே அழித்துவிடுகிறது. ஈரச் சோற்றோடு சேர்ந்த நல்ல அட்டை வெறும் குப்பையாகிவிடுகிறது.

காசு இல்லாதது பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட் போன்றவை. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டிய உறைகள். பிரிக்க முடியாததால் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். சாலை போடத் தாரோடு கலக்கும் பிளாஸ்டிக் நுட்பமும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டறிந்த அந்த முறைக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாராட்ட வேண்டியதுதான். தாரில் கலக்கும் முன் அந்த உறைகளை மலையாகக் குவிந்த குப்பையிலிருந்து பொறுக்கி, மண் தட்டிப் பிரித்துக் கொடுக்கும் பெண்களை எந்த மேடையிலும் ஏற்றியதில்லை.

பல பேரூராட்சிகளில் மக்காத குப்பையை விற்று வரும் பணத்தைப் பணியாளர்களுக்கே பகிர்ந்து கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. இது நல்ல நடைமுறை. எழுத்தில் இருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு கிலோ விற்றது, என்ன விலைக்கு விற்றது, யார் யாருக்கு எவ்வளவு பிரித்தார்கள் என்ற கணக்கை அலுவலகப் பலகையில் எழுதிப் போட்டால் போதும். அந்தப் பலகை இல்லாத இடத்தில் எடைக்கணக்கு மேற்பார்வையாளரின் வாய்க்கணக்காகவே நிற்கும். இன்னொரு பக்கம், பழைய வழக்கப்படி நாலு பாட்டிலை ஒதுக்கி வைத்து டீச்செலவுக்கு விற்றால் அதைத் திருட்டு என்பார்கள். நேற்றுவரை எறிந்த பொருள் காசாகும் என்று தெரிந்ததும் அதற்கு உடைமையாளர்கள் வந்துவிடுகிறார்கள்.

கடைத்தெருவின் பங்கு

கடைத்தெருவும் நிறையக் குப்பை போடும் இடம். டீக்கடை, பேக்கரி, கறிக்கடை, பூக்கடை, மருந்துக்கடை, சலூன், மொபைல் கடை, கல்யாண மண்டபம், வாரச்சந்தை. ஒவ்வொன்றின் குப்பையும் வெவ்வேறு. கறிக்கடைக் கழிவு சில மணி நேரத்தில் நாறத் தொடங்கும். சலூனில் பிளேடு சேரும். மருந்துக்கடை, கிளினிக் பக்கம் ஊசி சேரும். மொபைல் கடையில் பழைய பேட்டரி சேரும். நசுங்கினால் தீப்பிடிக்கும் பொருள் அது. எல்லாவற்றையும் கடை சாத்தும் நேரத்தில் ஒரே சாக்கில் கட்டி மின்கம்பத்தடியில் வைத்துவிட்டால் காலையில் போய்விடும் என்பது வழக்கமாகிவிட்டது.

டீக்கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய காகிதக் கப்பும் பிளாஸ்டிக் டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அடங்கும். ஆனாலும் கடைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் அந்தக் கப்புக்கு இன்னொரு கதையும் உண்டு. இரட்டைக் குவளையை எதிர்த்து இயக்கங்கள் போராடி வழக்குப் போட்ட பிறகு, சில ஊர்க் கடைகளில் தனி டம்ளர் காணாமல் போனது. அந்த இடத்தில் காகிதக் கப் வந்தது. ஊர்த்தெருக்காரருக்குக் கண்ணாடி டம்ளர். காலனிக்காரருக்குத் தூக்கி எறியும் கப். கழுவவும் வேண்டாம், தீட்டும் இல்லை, வழக்கும் வராது. தீண்டாமை இப்படியும் குப்பையாகிறது. மறுநாள் அந்தக் கப்பைப் பொறுக்குபவரும் அதே காலனிக்காரர்தான்.

ஆகவே, "எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர்" என்று ஒரு கடைக்காரர் முடிவெடுத்தால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு நல்ல காரியம் செய்கிறார்.

கல்யாண மண்டபங்களில் சாப்பாடு முடிந்ததும் இலையோடு தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், பாயாசக் கப் எல்லாவற்றையும் சேர்த்து மடித்துத் தள்ளுகிறார்கள். வாழை இலையும் சோறும் மாட்டுக்குப் போகலாம், உரமாகலாம். பாட்டிலை இலையில் வைக்காமல் தனிக் கூடையில் போட வைத்தால் போதும். பந்தி பரிமாறும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுத்தால் காலையில் எச்சில் இலைக்குள் கையை விட்டுத் துழாவும் வேலை ஒருவருக்கு இல்லாமல் போகும்.

பழைய வேலை, புதிய மரியாதை

மறுசுழற்சி என்ற சொல் புதிது, வேலை பழையது. செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோலை உரித்துப் பதப்படுத்தி, உழுகிறவனுக்குச் செருப்பும், ஏருக்கு வாரும், கிணற்றில் நீர் இறைத்த கவலைக்குத் தோலும், தப்புக்குத் தோலும் செய்து கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். கழிவாகிப் போக வேண்டிய ஒரு பொருளை ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கருவியாக்கினார்கள். அதற்கு ஊர் கொடுத்த கூலி தீண்டாமை. அவர்கள் இறைத்துக் கொடுத்த கிணற்றில் அவர்களுக்கே தண்ணீர் இல்லை.

இன்று பாட்டிலை நூலாக்கும் ஆலை வைத்திருப்பவர் தொழில்முனைவோர். வங்கி கடன் தருகிறது, விருது தருகிறார்கள். தவறில்லை. கழிவிலிருந்து பொருள் செய்வது மதிப்பான வேலை என்றால், அதன் முதல் படியில் நிற்பவருக்கு மட்டும் அந்த மதிப்பு ஏன் போய்ச் சேரவில்லை? மேலே போகப்போகப் பணமும் மரியாதையும் கூடுகின்றன. கீழே வர வர சாதி கெட்டிப்படுகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று 1936-லேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டில் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் போதும்.

ஒரு கணக்கும் பாருங்கள். பாதாளச் சாக்கடை, மலத்தொட்டிப் பணியாளர்கள் சுமார் 38,000 பேரிடம் ஒன்றிய அரசு எடுத்த விவரங்கள் 2024-இல் வெளிவந்தன. அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு.

"இப்போதெல்லாம் எல்லாச் சாதியினரும் இந்த வேலைக்கு வருகிறார்கள்" என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2019-இல் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது பொறியியல் படித்தவர்கள், பட்டதாரிகள் என ஏறத்தாழ 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். நிரந்தர வேலையும் அரசுச் சம்பளமும் இருந்தால் சாதி குறுக்கே நிற்பதில்லை என்று அது காட்டியது. அப்படி வேலைக்கு வரும் பிற சாதியினர் சில நாளிலேயே அலுவலக வேலைக்கு மாறிக்கொள்கிறார்கள் என்று சங்கங்கள் தொடர்ந்து புகார் சொல்கின்றன. துடைப்பம் மட்டும் பழைய கையிலேயே தங்கிவிடுகிறது. 

நிரந்தரப் பணியிடங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, வெளியில் ஒப்பந்தம் விடுவதுதான் இப்போதைய போக்கு. சென்னையில் இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 வரை ரிப்பன் மாளிகை முன்பு பணியாளர்கள் அமர்ந்திருந்ததை நாடே பார்த்தது. பெரும்பாலோர் பெண்கள். அதே பிரச்சினைதான் சிறு ஊர்களிலும் சத்தமில்லாமல் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் நாள்கூலி ஒன்று, கைக்கு வருவது ஒன்று. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்க்கத் தெரியாது. இ.எஸ்.ஐ. அட்டை வாங்கித் தரவில்லை என்றால் யாரிடம் கேட்பதென்று தெரியாது. ஒப்பந்தக்காரர் மாறினால் பதினைந்து ஆண்டு வேலையும் முதல் நாள் வேலையாகிவிடும்.

விலை வைத்தால் திரும்பி வரும்

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

முதலாவது, மதுப்பாட்டில். வயலிலும் வாய்க்காலிலும் உடைந்து கிடக்கும் பாட்டில் எத்தனை காலைக் கிழித்திருக்கும்! சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் நீலகிரியில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. பத்து ரூபாய் விலை வைத்ததும் பாட்டில்கள் தானாகத் திரும்பி வந்தன. தண்ணீர் பாட்டிலுக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு விலையை உற்பத்தியாளர் மீது வைத்தால் என்ன? தயாரித்தவருக்கே கழிவின் பொறுப்பும் உண்டு என்று பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அந்தப் பொறுப்புக்கான பணம் வளம் மீட்புப் பூங்காவில் குனிந்து நிற்கும் பெண்ணின் கூலியில் தெரிய வேண்டும்.

இரண்டாவது, புனே. அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-இல் சங்கம் கட்டினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு அவர்களே ஒரு கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலை அவர்களுடையது. ஒவ்வொரு வீடும் மாதக் கட்டணத்தை அவர்களிடமே தர வேண்டும். மறுசுழற்சிக்குப் போகும் பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே. நடுவில் ஒப்பந்தக்காரர் கிடையாது. சுகாதாரமும் தொழிலாளர் உரிமையும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒரு பெருநகரத்தில் முடிந்தது, பதினைந்து வார்டு கொண்ட பேரூராட்சியில் முடியாதா?

நாம் செய்ய வேண்டியது

வீட்டில்: இரண்டு கூடை, ஒரு பை. ஒரு கூடையில் சமையல் கழிவு. இன்னொன்றில் காய்ந்த பொருள். பால் கவரைக் கழுவிக் காயப்போடுங்கள். மூலையை முழுதாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விட்டால் அந்தத் துணுக்கு மண்ணில் சேராது. நாப்கினையும் டயாப்பரையும் காகிதத்தில் சுற்றி, சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடியைப் பழைய டப்பாவில் போட்டு மூடி, "கண்ணாடி இருக்கிறது" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிட வேலை. மீந்த சோறும் பழைய துணியும் கொடுத்துவிட்டு உதவி செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் கேட்பது இனாம் அல்ல. தண்ணீர் கேட்டால் நீங்கள் குடிக்கும் டம்ளரில் கொடுங்கள்.

கடையில்: அட்டையை நனையாமல் தனியாகக் கட்டி வையுங்கள். கறிக்கழிவை மூடிய டிரம்மில் வையுங்கள். பிளேடும் பேட்டரியும் ஒருபோதும் பொதுச் சாக்குக்குள் போகக் கூடாது. வணிகர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் ஒரு வாரத்தில் கடைத்தெரு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடும்.

பேரூராட்சி அலுவலகத்தில்: பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் உரிமையைப் பணியாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், புகார் வந்தால் செயல் அலுவலர் பணியாளரின் பக்கம் நிற்க வேண்டும். அபராதம் வாங்கும் வேலையை அந்தப் பெண்களின் தலையில் கட்டக் கூடாது. கையுறை கிழிந்தால் அன்றே மாற்றுக் கையுறை வேண்டும். வளம் மீட்புப் பூங்காவில் பெண்களுக்குக் கழிப்பறை, குளிக்கும் அறை, துணி மாற்றும் இடம் வேண்டும். நாள் முழுக்கக் குப்பையில் நின்றவர் அப்படியே பேருந்தில் ஏற முடிவதில்லை. விற்பனைக் கணக்கும் கூலிக் கணக்கும் பலகையில் வர வேண்டும். வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நம் இயக்கத் தோழர்களுக்கு: 2007 முதல் தூய்மைப் பணிபுரிவோர் நல வாரியம் இருக்கிறது. தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் விபத்து, மரணத்துக்கும் உதவித்தொகை உண்டு. ஒப்பந்தப் பணியாளர்களில் பதியாதவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-இல் குப்பை பொறுக்குவோரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெருத்தெருவாகப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு காலனியின் விண்ணப்பங்களை எழுதி முடித்துவிடலாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானது. மாநிலங்கள் இப்படி உள் ஒதுக்கீடு தரலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அம்மா பிடித்த துடைப்பம் மகளுக்கு வராமல் தடுக்கும் வழி அதுதான். மேலே பேசிய அந்த அக்காவின் மகள் இப்போது கோபியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அவ இந்தப் பக்கமே வரக்கூடாதுங்ண்ணா" என்றார் அவர். "எனக்கு அப்புறம் இந்த வேலைய மிஷினு பாக்கட்டும், இல்லீன்னா கை ஒறையோட, சம்பளத்தோட யாரு வேணா பாக்கட்டும். எங்க ஊட்டுல இருந்து மட்டும் ஆளு வராது."